மூன்று பிளாப்பியில் ஒரு பாட்டு

ஊருக்கு ஒருவர் போதும் என்கிற வகை மனிதர் இவர். பாலக்கோட்டில் இருப்பார், அரூரில் இருப்பார், பென்னாகரத்தில் ஏதாவது ஒரு செல்போன் கடையின் மாடியில் இருப்பார். ஒரு பாட்டைத் துளியும் இழப்பில்லாத ஃபிளாக் கோப்பாகக் காசு கொடுத்து வாங்குவார். எம்பி3 என்று யாராவது வாயெடுத்தால், "அது கரும்புச் சக்கைங்க" என்பார். வாங்கிய அன்று ராத்திரியே அந்தக் கோப்பை 8 பிட்டாக நறுக்கி, அமிகா கணினிக்காக 1985-ல் பிறந்த 8எஸ்விஎக்ஸ் வடிவத்துக்கு மாற்றிவிடுவார். கேட்டால் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடியது போல இருக்கும். அவர் முகத்தில் மட்டும் ஒகேனக்கல் சாரல் பட்ட மலர்ச்சி. ஒரே ஊரில் இப்படி இரண்டு பேர் இருந்தால் ஊர் தாங்காது. ஒலியை வினாடிக்கு 8,000 முறை அளந்து மாதிரி எடுப்பதா, 11,025 முறையா என்பதிலேயே பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

இவரைப் பைத்தியம் என்று தள்ளுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம். குறுந்தகட்டுத் தரம் என்றால் வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடங்கள். ஐந்து நிமிடப் பாட்டைச் சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 5 கோடியே 29 லட்சம் பைட்டு. அதையே ஒற்றைத் தடமாக்கி, 8 பிட்டில் வினாடிக்கு 8,000 மாதிரி என்று இறக்கினால் 24 லட்சம். அதாவது இருபத்திரண்டில் ஒரு பங்கு. ஒலி அலையின் உயரத்தைக் குறிக்க 65,536 படிகள் இருந்த இடத்தில் 256 படிகள்தான் மிஞ்சும். மாதிரி எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் எதுவும் தேறாது என்பதால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்த ஜால்ராவின் மினுக்கம் போயே போச்சு. அமிகாவின் பிளாப்பி கொள்ளுவது 880 கிலோபைட். இந்தத் தரத்தில் இரண்டு நிமிடம்கூட வராது. ஆக, ஒரு பாட்டுக்கு மூன்று பிளாப்பி. வேடிக்கை என்னவென்றால், இவர் அமிகாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. லேப்டாப்பில் அமிகாவைப் போல நடிக்கிற எமுலேட்டர் ஓடுகிறது. பிளாப்பி என்பது அதற்குள் ஒரு கோப்பு. டெராபைட் ஹார்டு டிஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இல்லாத பிளாப்பியில் இடமில்லை என்று இரண்டாம் சரணத்தை நினைத்துக் கவலைப்படுகிற மனிதரை எங்கே காண முடியும்?

குறைக்கத்தான் போகிறார் என்றால் இழப்பில்லாத கோப்பு எதற்கு, எம்பி3 போதாதா என்று கேட்பார்கள். போதாது. காது கவனிக்காது என்று கணித்த பகுதிகளை எம்பி3 ஏற்கெனவே கழித்துவிட்டது; அந்தக் கணிப்பு முழுப் பாட்டையும் கேட்பவருக்காகப் போட்டது. அதன் மேல் இன்னொரு வெட்டு விழும்போது, முதல் வெட்டின் தழும்பு பல்லை இளிக்கும். கூழாக்கத்தானே போகிறோம் என்று மாங்கூழ்த் தொழிற்சாலைக்காரர் அழுகல் பழமா வாங்குகிறார்? நம் பக்கத்துத் தோத்தாபுரி மாம்பழமே அவருக்குப் பார்த்துப் பொறுக்கித்தான் போகிறது. குறைப்பதிலும் கைப்பக்குவம் உண்டு. உயர்ந்த அதிர்வெண்களை முன்கூட்டியே வடிகட்டாமல் மாதிரியைக் குறைத்தால் அவை ஒழிந்துபோகாது. கீழே மடங்கி வந்து, பாட்டில் இல்லாத சுரங்களாக உட்கார்ந்துகொள்ளும். 256 படிகளுக்குள் தேய்ந்து மறையும் புல்லாங்குழல் கரகரவென்று உடையாமலிருக்க, மெல்லிய இரைச்சலை இவரே கலந்துவிடுவார், பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பு போல. இன்னொரு கண்ணி: 8 பிட் வேவ் கோப்பில் அமைதி என்பது 128, 8எஸ்விஎக்ஸில் அது பூஜ்ஜியம். இதை மறந்து மாற்றிய அன்று வருகிற அலறலுக்கு, "ஏங்க, மிக்ஸியில கல்லையா போட்டீங்க?" என்று அடுக்களையிலிருந்து கேள்வி வரும்.

இதெல்லாம் பழைய நினைவின் ஏக்கம் என்பது அடுத்த வாதம். ஏக்கப்பட ஏதாவது கையில் இருந்திருக்க வேண்டுமே! அந்த எண்பதுகளில் மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகள் சிலவற்றுக்கு வந்தது பிபிசி மைக்ரோ. மூன்று சுரமும் ஓர் இரைச்சலும் அதன் மொத்த இசைக்குழு. அமிகாவின் வாசமே இங்கே பலருக்குத் தெரியாது. ஆகவே ஏக்கம் அல்ல, வேறொன்று. தொப்பூர்க் கணவாயில் இறங்கும் தனியார் பேருந்தின் ஸ்பீக்கரில், எஞ்சின் உறுமலுக்கு அடியில், எந்தப் பாட்டின் பேஸ் கிடார் பிழைத்திருக்கிறது? திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் தாழ்ந்த சுரங்களை அண்டவே விடாது. அங்கே ஊரே இழக்கிறது, எதை இழந்தோம் என்று தெரியாமல். இந்த மனிதரைக் கேட்டால், இத்தனை படி, இத்தனை ஹெர்ட்ஸ், இத்தனை பைட்டு என்று இழந்ததற்குப் பட்டியல் கொடுப்பார். சிரிக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரிப்பதே நியாயம்.

தகடூர் என்கிற நம் தருமபுரி மண்ணுக்கு இந்தக் குறைப்பு புதிதும் அல்ல. தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் பாருங்கள். எவனோ ஒருவன் வளர்ந்தான், காதலித்தான், கடன்பட்டான், மாடு கவர வந்தவர்களோடு மல்லுக்கு நின்று செத்தான். கல்லில் மிஞ்சியது ஓர் உருவம், கையில் ஆயுதம், சில வரி வட்டெழுத்து: இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊர், தொறு மீட்டுப் பட்டான், அதாவது மாட்டு மந்தையை மீட்டுச் செத்தான். அவன் குரல் கட்டையா கீச்சா என்பதெல்லாம் வடிகட்டியில் போய்விட்டது. ஆனாலும் கல் பேசுகிறது. 8எஸ்விஎக்ஸும் ஒன்றும் ஊமையாகிவிடவில்லை. 1991-ல் வந்த சாக்ஸ் என்கிற மென்பொருள் இன்றைக்கும் அதைத் திறந்து வாசிக்கிறது. எட்டு பிட்டில் பாடகரின் மூச்சு தெரியாது, ஆனால் மெட்டு தெரியும். யார் பாட்டு என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லிவிடுவான்.

இவரிடம் கண்டிக்க வேண்டிய ஒரே இடம் வேறு. இத்தனை துறவும் பேசிவிட்டு, அந்த மூல ஃபிளாக் கோப்பை அவர் அழிப்பதில்லை. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பிரதி, மூன்றாவது மாமனார் வீட்டுப் பீரோவில். மாடு மீட்டவனுக்கு அந்த வசதி இல்லை.