சர்வர் எழுதிய உயிலைக் குறித்து ஓர் ஆராய்ச்சி

ராஸ்மஸ் லெர்டார்ஃப் பி.எச்.பி.யை உலகுக்கு அளித்த அதே 1995-ஆம் வருஷத்தில், நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவைப் பத்தே நாட்களில் சிருஷ்டித்தார் என்பதைக் கொண்டு, ஒத்த பிராயமுள்ள இவ்விரண்டும் ஒரே கோப்பில் குடியிருப்பதால் தமக்குள் சம்பாஷித்துக்கொள்ளும் என்று வாதிப்பது பூர்வபட்சம். அது நிலைக்காது. பக்கத்தை எழுதி முடித்த மாத்திரத்தில் பி.எச்.பி. தன் மாறிகள் யாவற்றோடும் சர்வரிலேயே மாண்டுபோக, ஜாவாஸ்கிரிப்டோ பிற்பாடு, வேறொரு கணினியின் பிரௌசரில் கண் விழிக்கிறது. ஆகவே இங்கே நிகழ்வது சம்பாஷணையன்று, உயில் சாசனம் என்பதே நமது சித்தாந்தம்.

இச்சாசனத்தைக் கையாலேயே எழுதுவோர், ஒற்றை மேற்கோள் குறிகளுக்கு நடுவே பயனரின் பெயரை 'எக்கோ' செய்துவிட்டு நிம்மதியாக உறங்குவர். முருகன் வரும்வரை குறையில்லை. ஓ'பிரையன் வந்த அன்று, அவர் பெயரிலுள்ள குறியே வாக்கியத்தை முடித்துவிட, மிச்சமுள்ள 'பிரையன்' அநாதையாக நிற்க, அந்த ஸ்கிரிப்ட் முழுவதும் ஓடாமல் கிடந்து, கன்சோலில் ஒரு சிவப்பு வரி மட்டும் தோன்றும். ஓ'பிரையனாவது சாது. துஷ்டன் ஒருவன் அக்குறிக்குப் பின்னே தன் சொந்தக் கட்டளையையும் எழுதி வைத்தால், வாரிசு அதையும் சிரமேற்கொண்டு நிறைவேற்றும்.

இவ்வுபத்திரவத்துக்கு நிவர்த்தியாக, 2006-இல் வெளிவந்த பி.எச்.பி. 5.2 முதல் 'ஜேசான் என்கோட்' கூடவே கிடைக்கிறது. வேண்டிய குறிகளை அதுவே இடும். அதற்கு வெளியேயும் பழக்கதோஷத்தால் குறியிடுகிறவர்களுக்கு மருந்தில்லை. தமிழைக் கண்டால் மட்டும் அது சற்று மிரளும்: 'அம்மா' என்னும் சொல்லை ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஆறு எழுத்தாக விரித்து முப்பது எழுத்தில் எழுதிவைக்கும். பிரௌசர் அதைப் பிசகின்றி அம்மாவாகவே வாசித்துவிடுமாகையால், 'வியூ சோர்ஸ்' பார்த்து யாரும் பதற வேண்டுவதில்லை. அப்படியும் மனம் பொறுக்காதவர்களுக்கு 2012-இல் 5.4-ஆம் பதிப்பு ஒரு விலக்கு அளித்தது.

தேவைப்படும்போது 'ஃபெட்ச்' கொண்டு சர்வரையே மறுபடி எழுப்பிக் கேட்கலாமே என்போரும் உளர். கேட்கலாம், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிரயாணமாகும்.

எஞ்சியிருப்பது எண்களின் விஷயம். ஒருவரின் கணக்கு எண்ணை சர்வர் 9007199254740993 என்று சுத்தமாக எழுதியனுப்பினாலும் ஜாவாஸ்கிரிப்ட் அதை 9007199254740992 என்றே வாசிக்கும்; பிழைச் செய்தி ஏதும் எழாது, அடுத்தவருடைய கணக்கு மட்டும் திறக்கும். அத்தகைய எண்களை மேற்கோள் குறிக்குள் சரமாகவே அனுப்புவது உத்தமம்.