எழுதினவனே சாட்சி

ஏலே, இங்கன வா. அந்தப் பெட்டியை மூடாத, தொறந்தபடியே தூக்கிட்டு வா. மூணு நாளா தார்சால ஒக்காந்து தலையைச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கே. பேன் புடிச்சிருக்குன்னு உங்க ஆச்சி வேப்பெண்ணெய் எடுக்கப் போயிட்டா. நாந்தான் மறிச்சு, "பேன் இல்லட்டி, புள்ள ரெப்போவைக் கெரிட்டுல ஏத்துதான்"னு சொன்னேன். அது பேனைவிடப் பெரிய சீக்குன்னு நெனச்சு, குலதெய்வத்துக்கு 11 ரூவா முடிஞ்சு வச்சிருக்கா.

எனக்கு என்னலே தெரியும்? சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல, வேப்பமரத்தடியில, 35 வருஷம் பத்திரம் எழுதின கட்டை. நான்குமால் எழுதத் தெரியும், சர்வே நம்பர் தெரியும், எந்தத் தாசில்தாருக்கு எந்தக் காபிக்கடைன்னு தெரியும். அம்புட்டுதான். ஆனா நீ ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போன்ல கத்துதது என் கட்டில் வரைக்கும் வருதே, காதைக் கழட்டியா வைக்க முடியும்? கேக்கக் கேக்க, சவம், இது நம்ம தொழில்லான்னு தோணிப்போச்சு.

பத்திரத்துல முதல்ல நகல் எழுதுவோம். அதைப் பார்ட்டி படிப்பான், பார்ட்டியோட மச்சினன் படிப்பான், சும்மா டீ குடிக்க வந்தவனும் படிப்பான். "தெற்கால ஓடையில்ல ஓய், வண்டிப்பாதை"ம்பான் ஒருத்தன். திருத்துவோம். எல்லாஞ் சரின்னு ஆன பொறவுதான் முத்திரைத்தாள். அதுல சாட்சி ரெண்டு பேரு கையெழுத்து. அதுக்கு மேலதான் பதிவு. பதிஞ்சாச்சுன்னா அப்புறம் தப்பைக் கண்டுபுடிச்சாலும் அழிக்க முடியாது, பிழைத்திருத்தல் பத்திரம்னு இன்னொண்ணு எழுதித்தான் ஒட்டணும். வில்லங்கம் போட்டுப் பாத்தா ரெண்டும் வரும், தப்பும் வரும், தப்புக்குப் போட்ட ஒட்டும் வரும். உன் கிட்டுல லாக் பாக்குதியே, அதுதாம்லே வில்லங்கம்.

இப்படி நகலை நாலு பேரு பாத்த பொறவு உள்ள ஏத்தத்தான் அந்தக் கெரிட்டைக் கட்டிக்கிட்டு அழுதே. கூகுள்காரன் ஆண்ட்ராய்டுக்காகச் செஞ்சதாம்லா. அதுக்கு முன்னால, பைத்தான் மொழியை உண்டாக்கின குய்டோ வான் ராசம் 2006ல அந்தக் கம்பெனிக்குள்ள மாண்ட்ரியன்னு ஒண்ணு செஞ்சாராம். அது ஓவியர் பேரு. வெளிய எல்லாருக்கும்னு 2008ல இன்னொண்ணு விட்டப்போ ரீட்வெல்டுன்னு வச்சாராம். அதுல இருந்து பிரிஞ்சு வந்ததுதான் இது. ஹாலந்து நாட்டு கெரிட் ரீட்வெல்டோட பாதிப் பேரை அது எடுத்துக்கிட்டது, மீதிப் பாதியை இது எடுத்துக்கிட்டது. அந்த மனுசன் யாருன்னு நினைக்கே? தச்சன் வீட்டுப் பிள்ளை. நாற்காலி செஞ்ச ஆளு. சிவப்பும் நீலமுமா அவர் செஞ்ச நாற்காலியை இன்னைக்கும் மியூசியத்துல வச்சிருக்கானாம். ஒக்காந்தா முதுகு வலிக்குமோ என்னமோ, பேரு நெலைச்சுப்போச்சு. நம்ம ஊர் ஆசாரியும்தான் கட்டில் செஞ்சாரு, அவரு பேரை எவன் வச்சான்?

கதை கெடக்கட்டும், உன் கூத்துக்கு வருவோம்.

மொத நாளு நீ என்ன செஞ்சே? "புஷ் போயிட்டு தாத்தா"ன்னு குதிச்சே. அரைமணி நேரங் கழிச்சு "மெயின்ல ஒண்ணையுங் காணோம்"னு மூஞ்சியத் தொங்கப் போட்டே. எப்படிலே இருக்கும்? நீ தள்ளினது ரெஃப்ஸ்/ஃபார்/மெயினுக்கு. அப்படி ஒரு கிளையே கெரிட்டுல கெடையாது. அது திண்ணை. 'மெயினுக்குப் போக வேண்டியது'ன்னு சொல்லித் திண்ணையில வச்சிட்டுப் போனா, உள்ள இருக்கிறவன் வந்து புரட்டிப் பாப்பான், பிடிச்சா எடுத்து உள்ள வைப்பான். திண்ணையில மூட்டையை எறக்கிட்டு அரிசி பானையில இல்லையேன்னு நீ அழுதே. இவனுக்கா கேம்பஸ்ல வேலை குடுத்தான்னு உங்க அப்பன் அப்பவே என் மூஞ்சியப் பாத்தான்.

இந்தத் திண்ணைக்கு ஒவ்வொரு தடவையும் வழி சொல்லிக்கிட்டு இருக்க வேண்டாம்னுதான், ஓப்பன்ஸ்டாக்காரனுக கிட்-ரிவ்யூன்னு ஒரு கையாள் செஞ்சு வச்சிருக்கான். ரெப்போவுக்குள்ள .கிட்ரிவ்யூன்னு சின்னக் கோப்பு. ஹோஸ்ட் எது, போர்ட் எது, புராஜெக்ட் பேரு என்ன, தலைப்போட சேத்து நாலு வரி. போர்ட் 29418னு நீ மந்திரம் மாதிரி மொனங்கினதுல எனக்கே மனப்பாடம் ஆயிட்டு. லாட்டரிச் சீட்டு நம்பரோன்னு முதல்ல சந்தேகப்பட்டேன். அஞ்சாவதா டீஃபால்ட்பிராஞ்ச்னு ஒரு வரி எழுதணும்னு உன் சேக்காளி போன்ல தலையால அடிச்சுக்கிட்டான். நீ எழுதல. எழுதாட்டா அது மாஸ்டர்னு எடுத்துக்கிடும், உங்க கிளையோ மெயின். மகனுக்குப் பத்திரம்னு சொல்லிட்டு மருமகன் பேருக்கு எழுதின கதைதான். அந்தத் தப்பை நான் ஒருக்கச் செஞ்சிருக்கேன், அதனால இதுக்கு மேல பேச மாட்டேன்.

ரெண்டாம் நாள் கூத்துதான் கூத்து. அந்தப் பக்கம் "சேஞ்ச்-ஐடி இல்ல, போ"ன்னு திருப்பி அனுப்பிட்டு. நீ திட்டினே பாரு, அந்த வார்த்தையெல்லாம் காலேஜுல சொல்லிக் குடுத்ததா, நம்ம தெருவுல படிச்சதா?

சேஞ்ச்-ஐடின்னா நகல் நம்பர். முதல்ல ஒரு ஐ, அதுக்குப் பின்னால எழுத்தும் எண்ணுமா 40. கமிட்டைத் திருத்தத் திருத்த அதோட சொந்த நம்பர் மாறிக்கிட்டே இருக்கும், கிட்டோட புத்தி அப்படி. அப்போ நேத்து வந்த நகலும் இன்னைக்கு வந்த நகலும் ஒரே பத்திரம்தான்னு கெரிட் எதை வச்சுக் கண்டுபுடிக்கும்? இந்த ஐ வரியை வச்சுத்தான். அது மாறாம இருந்தா "ஓகோ, பழைய ஆளு, ரெண்டாந் திருத்தம்"னு அதே கட்டுல சேத்துக்கிடும். அதனாலதான் திருத்துததுக்கு அமெண்டுன்னு ஒரு வார்த்தையை வச்சிருக்கான். நீயோ ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதுக் கமிட்டு போட்டே. 'சரிசெஞ்சாச்சு', 'இப்போ சரிசெஞ்சாச்சு', 'கடைசியா சரிசெஞ்சாச்சு', 'சத்தியமா கடைசி'ன்னு நாலு கட்டு. பாக்குறவனுக்கு நாலு தனித்தனிப் பத்திரம். அவன் பொண்டாட்டி புள்ளையோட இருக்கவா, உன் சத்தியத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கவா?

அந்த ஐ வரியை எழுத கமிட்-மெசேஜ் ஹுக்குன்னு ஒரு குட்டி எழுத்தர் இருக்கான். கெரிட்டுகிட்ட கேட்டா குடுக்கும், டாட்-கிட்டுக்குள்ள ஹுக்ஸ் அறையில கொண்டாந்து ஒக்கார வைக்கணும், ஓடுறதுக்கு அனுமதியும் குடுக்கணும். நீ எஸ்சிபில இழுத்தே, வரல. புது ஓப்பன்எஸ்எஸ்எச்சுல எஸ்சிபி உள்ளுக்குள்ள வேற பாஷை பேசுதாம், கெரிட்டுக்கு அந்தப் பாஷை தெரியாதாம். பெரிய ஓ ஒண்ணு போட்டுப் பழைய பாஷையில பேசுன்னு சொன்னாத்தான் வருமாம். பழைய பாஷைக்கும் ஒரு காலம் வருது, கேட்டுக்கோ.

இதுல ஒரு சங்கதி உனக்குப் பிடிபடல. நீ உன் பெட்டியில எழுத்தரை ஒக்கார வச்சிட்டு, "எல்லாருக்கும் செட்டப் முடிஞ்சுது"ன்னு உங்க ஆளுககிட்ட தம்பட்டம் அடிச்சே. ஹுக்கு குளோன்ல கூட வராதுலே. வீட்டை வித்தா வீடு போகும், வாசல்ல கெடந்த நாய் புது ஆளுகூடப் போகுமா? ஒவ்வொருத்தனும் அவனவன் பெட்டியில கட்டணும். கிட் ரிவ்யூ மைனஸ் எஸ்ஸுன்னு ஒருக்க அடிச்சா அந்தக் கையாளே கட்டிவிட்டுருவான். இதை ரீட்மீல ஒரு வரி எழுதிப் போடுததுக்கு உனக்கு வலிச்சுது. மறுநாள் 11 பேரு 11 போன். நான் எண்ணினேன்.

இனி சாட்சிகளைப் பாப்போம். கோட்-ரிவ்யூன்னு மைனஸ் 2ல இருந்து பிளஸ் 2 வரைக்கும் மார்க்கு. பிளஸ் 1ன்னா 'எனக்குச் சரியாப் படுது, இன்னொருத்தரும் பாருங்க'ன்னு அர்த்தம். கல்யாண வீட்டுல "பந்தி நல்லாருக்கு"ன்னு சொல்லுத மாதிரி, அதை வச்சு ஒண்ணுஞ் செய்ய முடியாது. பிளஸ் 1 ரெண்டு சேந்தா பிளஸ் 2 ஆயிரும்னு நீ கணக்குப் போட்டே பாரு, அங்கதான் உன் இன்ஜினியரிங் படிப்பு தெரிஞ்சுது. ரெண்டு ஊமை சேந்தா ஒரு வாயாகுமா? மைனஸ் 2 போட்டவன் வாசல்ல குறுக்கப் படுத்த மாதிரி. சாதாரணமா, நீ நகலைத் திருத்தித் திருத்தி அனுப்பினாலும் அவனா எந்திரிச்சாத்தான் வழி. எங்க காலத்துல பங்காளி ஒருத்தன் கையெழுத்துப் போட மாட்டேன்னு 9 வருஷம் ஊரைவிட்டே ஓடிட்டான். உங்காளு பரவால்ல, பெங்களூர்லதான் இருக்கான்.

வெரிஃபைடுன்னு இன்னொரு மார்க்கு. அது மெசினு போடுதது, பில்டு ஓடுச்சா, டெஸ்ட்டு தேறுச்சான்னு. அது தானா வராது, புராஜெக்ட் கான்ஃபிக்குங்குத கோப்புல நீ எழுதினாத்தான் உண்டு. அந்தக் கோப்பு ரெஃப்ஸ்/மெட்டா/கான்ஃபிக்னு ஒரு தனிக் கிளையில, அதே ரெப்போவுக்குள்ளயே கெடக்கு. இது எனக்குப் பிடிச்சுது. சட்டமும் பத்திரம் மாதிரியே எழுதி, திண்ணையில வச்சு, நாலு பேரு பாத்துத்தான் மாறணும்னு வேணா வச்சுக்கிடலாம். நீ வச்சியா? ராத்திரியோட ராத்திரியா நேரா உள்ள தள்ளினே. பக்கத்துல குரூப்ஸ்னு ஒரு கோப்புல குழுவோட நீள அடையாள நம்பரை எழுத மறந்து, அதுக்கும் உதை வாங்கினே. சரி, உதை வாங்கினது நல்லதுக்கு.

இப்போ பெட்டியை இப்படித் திருப்பு. அந்த ஆக்சஸ் பக்கத்தைத் தொற. கண்ணாடி எங்க... ம்.

இந்த வரி என்ன? ஃபோர்ஜ் கமிட்டர் ஐடென்டிட்டி. படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. ஃபோர்ஜுன்னா எங்க வட்டாரத்துல ஒரே அர்த்தம்தான், போலிக் கையெழுத்து. அதுக்கு ஜெயிலு. இவன் என்னடான்னா பொட்டியில டிக்கு அடிச்சு அனுமதி குடுத்து வச்சிருக்கான்! முதல்ல நீ ஏன் குடுத்தேன்னு எனக்குத் தெரியும். பழைய ரெப்போவை வரலாறோட ஏத்தினப்போ, அதுல இருக்கிற கமிட்டெல்லாம் வேலையை விட்டுப் போனவன் பேருல இருந்துது. 'இந்த மெயில் ஐடி உன்னுது இல்லையே'ன்னு கெரிட் மறிச்சுது. அதுக்காக ஒரு நாளைக்கு மட்டும்னு தொறந்து விட்டே. அதுகூடவே ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/ஸ்டாருக்குப் புஷ்ஷும் குடுத்தே, திண்ணைப் பக்கமே வராம நேரா அடுப்படிக்குப் போறதுக்கு. ஏத்தி முடிச்சாச்சு. மூடினியா? மூடல. ஒனக்கு மட்டுமில்ல, மொத்தக் குழுவுக்கும் இன்னும் தொறந்து கெடக்கு. முன்வாசல்ல காவல், மார்க்கு, மெசினு, ஹுக்கு. பொறவாசல்ல கோழியும் நாயும் போயிட்டு வருது.

இன்னொண்ணையும் பாத்துட்டேன், மறைக்காத. நேத்து சாயங்காலம் நீ அனுப்பின நகலுக்கு நீயே பிளஸ் 2 போட்டு நீயே உள்ள தள்ளினே. எழுதிக் குடுத்தவனே சாட்சி! எந்த ஊர்லலே நடக்கும்? எங்க சார்பதிவாளர்னா பேனாவைத் தூக்கி எறிஞ்சிருப்பாரு. கெரிட்டைக் கேட்டா, நீ தடுக்கச் சொல்லல, நான் தடுக்கலம்கும். தடுக்க வழி இருக்குன்னு உன் சேக்காளி அனுப்பின வரியை நானும் பாத்தேன்: யூசர் ஈக்வல் டு நான்-அப்லோடர். அதுல 'நான்'னு இருக்கவும், 'ஆமா, நாந்தான அப்லோடர்'னு நீ சந்தோசப்பட்டுக்கிட்டே இருந்துட்டியோ என்னமோ. அது நம்ம நான் இல்லடா கோட்டிக்காரா, இங்கிலீசு நான். அனுப்பின ஆள் தவிர வேற எவனாவது பிளஸ் 2 போட்டிருக்கணும்னு அர்த்தம். சப்மிட்-ரிக்குவயர்மெண்டுல அந்த ஒரு வரி போதும்.

என்ன மொறைக்கே? சின்ன மாத்தம், அவசரம், எல்லாரும் தூங்கிட்டானுவ, அதான்ங்கியா? பதிஞ்ச பத்திரத்துல நான் பாத்த தப்புல முக்காவாசி, அவசரத்துல ஒரே ஆளு எழுதிப் படிச்சதுதான். எழுதினவன் கண்ணுக்கு எழுத நெனச்சதுதான் தெரியும், எழுதினது தெரியாது. அதனாலதான் டீ குடிக்க வந்தவனையும் படிக்கச் சொன்னோம்.

எழுதுலே, நான் சொல்லச் சொல்ல எழுது. நான்-அப்லோடர் வரியைச் சேரு. ஃபோர்ஜ் கமிட்டர், எடு. ஹெட்ஸுல புஷ், எடு. ரெண்டையும் குழுகிட்ட இருந்து எடுக்கணும், உன்கிட்ட இருந்தும் எடுக்கணும். திண்ணையில வையி, பெங்களூர்க்காரனை எழுப்பு, அவன் பிளஸ் 2 போடட்டும்.

அவன் போடுத வரைக்கும் இந்த லேப்டாப்பு என் கட்டிலுக்கடியில இருக்கும். ஆச்சி சோறு போட்டுட்டா, போய்ச் சாப்பிடு.