ஏர்போர்ட் கேக்குறியாம்ல, பேராண்டி?

வாடா பேராண்டி, உக்காரு. கொடைரோட்டுக்கு ஏர்போர்ட் வேணும்னு கையெழுத்து வாங்கிக்கிட்டுத் திரியிறியாமே? வாங்கு, வாங்கு. வெள்ளைக்காரன் காலத்துலருந்து கொடைக்கானல் போற தொரைமாரெல்லாம் நம்ம ஸ்டேஷன்லதான் எறங்குனாக. அவுக பேரப்புள்ளைக வானத்துலருந்து எறங்கட்டுமே, நமக்கென்ன.

ஆனா அதுக்கு முன்னால ஒரு எட்டு சேலம் போயிட்டு வா. ஓமலூர் பக்கம் காமலாபுரத்துல 1993-லயே ஏர்போர்ட்டத் தெறந்துட்டாக. ஓடுபாதை கெடக்கு, பிளேன்தான் கோவக்கார மாப்பிள்ள கணக்கா வரும், போகும். சர்க்காரோட உடான் விமானத் திட்டத்துல 2018-ல வந்துச்சு, 2021-ல நின்டுபோச்சு, 2023-ல மறுபடி வந்துருக்கு. நீ போறப்ப இருந்தா ஏறிப் பாரு.

நமக்கு ஏர்போர்ட் இல்லேன்னு எவன்டா சொன்னான்? நாலுவழிச்சாலையில ஏறி, டோல்கேட்டுக்கு மொய் எழுதிட்டுப் போனா, பெருங்குடிகிட்ட மதுரை ஏர்போர்ட். 2012-ல கொழும்புக்கு மொத வெளிநாட்டு பிளேன் கெளம்புனது அங்கனதான். உங்க அப்பத்தா விடியிறதுக்கு முன்னால நெத்தியில லைட்ட மாட்டிக்கிட்டு மல்லி பறிக்கிறாளே, அது எங்க போகுதுன்னு நெனச்ச? மொட்டு வெடிச்சா வெல போச்சு. அதான் வெடிக்கிறதுக்குள்ள நிலக்கோட்டை மார்க்கெட்டு, அங்கருந்து தெர்மாக்கோல் பெட்டி, ஐஸு, அப்புறம் பிளேனு. சிங்கப்பூர்க்காரி கொண்டையில போயி உக்காந்துக்கிருது. பறிச்சவ மட்டும் இன்னும் இலவச பஸ்ஸுலதான் போறா.

ஒரு ஏர்போர்ட்டு ஒரு மணி நேரத் தொலவுல இருந்தா வசதி. நம்ம வாசல்ல இருந்தா? அத மதுரை ஏர்போர்ட்டுப் பக்கத்துல இருக்குற சின்ன உடைப்பு ஊர்க்காரங்களக் கேளு. மதுரை ஓடுபாதை 7,500 அடி. அத 12,500 ஆக்கணும்னு நெலம் எடுக்கப் போயி, 2024-ல அந்த ஊரே போராட்டத்துல உக்காந்துச்சு. எங்களக் கெளப்புனா மாத்து எடம் எங்கடான்னு கேட்டாக. நியாயந்தான? 12,500 அடின்னா கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர்டா. நம்ம ஊருல அம்புட்டு நீளத்துக்கு நேரா ஒரு கோடு போடு பாப்போம். எத்தன திராட்சப் பந்தலு, எத்தன கெணறு, எத்தன பங்காளி வரப்புத் தகராறு நடுவுல வருதுன்னு.

சரி, சொன்னா கேக்குற ஆளா நீயி. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கத்தான் போற. ஓடுபாதைக்கு எடம் எங்கப்பான்னு ஆபீசர் கேட்டா முழிக்காத. நம்ம தோட்டத்த மறந்துரு. உங்க மாமனார் சர்வே நம்பரச் சத்தமாச் சொல்லு.