இழுத்துக் கட்டியவர்

பையனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டின் பக்கவாட்டில் ஒரு ரூம் இழுத்துக் கட்டியவர், மடிப்பாக்கம் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அவரை அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். புறங்கையால்தான் தொடுவார்; உள்ளங்கை பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. தொட்டபின் அவர் முகத்தில் லேசாக ஏமாற்றம் தெரிந்தால், உங்கள் வீட்டில் ஓதம் இல்லை.

"வாங்க, புது ரூமைப் பாருங்க" என்று கூப்பிடுவார். கட்டில், ஏசி, ஃபால்ஸ் சீலிங் எதையும் காட்ட மாட்டார். நேரே கன்னி மூலைக்குப் போய், வாஸ்துப்படி அங்கே வைத்த பீரோவை மூச்சுவாங்க நகர்த்துவார். பின்னால் சுவரில் பென்சில் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. ஐப்பசி அடைமழையில் ஓதம் ஏறிய உயரம், கார்த்திகை தீபத்தன்று நின்ற உயரம், தையில் இறங்கிய உயரம். செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைக்கூட இத்தனை சிரத்தையாக யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள்.

முதலில் மேஸ்திரியைத்தான் கூப்பிட்டார். "புதுச் செவுரு சார், ஒரு சித்திரை வெயில் பாத்தா காஞ்சிரும்" என்றார் மேஸ்திரி. சித்திரை வந்தது, சுவரும் காய்ந்தது. காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து, பூச்சு பொரிந்து, புதுப் பெண்ணின் பட்டுப்புடவை மேல் உதிர்ந்தது. மேஸ்திரி மறுபடி வந்து பார்த்துவிட்டு, "தண்ணி ரொம்ப வுட்டுட்டீங்க சார்" என்றார். நம்மவருக்கு அது சுருக்கென்று தைத்தது. கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டாக இருந்தால் 10 நாள் தண்ணீர் காட்ட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 தரநிலை. அதைப் படிக்காமலே, விடியற்காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோஸ் பைப்போடு நின்றவர் அவர். ரிட்டயரானபின் செய்த ஒரே உருப்படியான வேலை அது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பிளம்பர் வந்து மேஸ்திரியைக் குறை சொன்னார். பெயிண்டர் வந்து இருவரையும் குறை சொன்னார்; பூச்சு ஒரு மாதமாவது ஆறட்டும் என்று தான் தலைப்பாடாக அடித்துக்கொண்டதையும், கல்யாணப் பத்திரிகையைக் காட்டி சார்தான் அவசரப்படுத்தினார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கடைசியாக வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல்காரர் டார்ச் லைட்டோடு வந்து மூவரையும் குறை சொல்லிவிட்டு கொட்டேஷன் எழுதினார். நம்மவர் நால்வர் சொன்னதையும் நம்பினார். நால்வருக்கும் பணமும் கொடுத்தார்.

நடுவே மருமகள் ஒரு காரியம் செய்தாள். சதுரமாக ஒரு பாலிதீன் ஷீட்டை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் டேப் போட்டு ஒட்டினாள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்தால் காற்றில் இருக்கும் ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிற ஈரம். மறுநாள் சுவர்ப் பக்கம் முத்து முத்தாகக் கோத்திருந்தது. மாமனார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொட்டேஷன் இல்லாமல் வருகிற உண்மையை எப்படி நம்புவது?

அதனால் எனாமல் பெயிண்ட் அடித்தார். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் ஒரு சாண் மேலே ஏறிற்று. பிறகு மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினார். ஓதம் டைல்ஸுக்குப் பின்னாலேயே பொறுமையாக ஏறிப் போய் மூன்றேகால் அடியில் எட்டிப் பார்த்தது. "பாத்தீங்களா, டைல்ஸ்ல வரவே இல்லை!" என்றார் நம்மவர்.

செங்கல் தண்ணீர் குடிக்கும் ஜாதி. தன் எடையில் 20 சதவீதம் வரை குடிக்கலாம் என்று தரநிலையே அதற்கு அனுமதி தந்திருக்கிறது. மூன்று கிலோ கல்லுக்கு அரை லிட்டருக்கும் மேல். அடியில் மண் ஈரமாக இருக்கும்வரை உறிஞ்சி மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்குப் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டு, தெரு உயர்ந்து வீடுகள் எல்லாம் பள்ளத்தில் நிற்கின்றன. இதற்காகத்தான் கடைக்காலுக்கு மேல், சுவர் எழும்புவதற்கு முன், வாட்டர் ப்ரூஃப் பவுடர் கலந்து ஒன்றரை இன்ச் கனத்துக்குக் கான்கிரீட் பட்டை போடுவது. பழைய வீட்டுக்கு அவர் அப்பா போட்டிருந்தார். அந்தச் சுவர்கள் இன்றைக்கும் மொறுமொறுவென்று இருக்கின்றன. புது ரூமுக்கு மேஸ்திரி கேட்டபோது, "ஒரே ஒரு ரூமுக்கு எதுக்குய்யா பட்டையும் கிட்டையும்?" என்றது யார் என்று அந்த வீட்டில் பூனைக்கும் தெரியும். மேஸ்திரிக்கும் தெரியும். ஆனால் சாரிடம் அடுத்த வேலை வாங்க வேண்டுமே, வெயிலையும் தண்ணீரையும்தான் அவரால் குறை சொல்ல முடியும்.

சுவரடியில் வரிசையாகத் துளை போட்டு மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்று கெமிக்கல்காரர் ஒருமுறை உண்மையாகவே நல்ல யோசனை சொன்னார். எதற்கு என்று கேட்டதற்கு, "பட்டை இல்லாத குறைக்கு சார்" என்றும் சொல்லித் தொலைத்தார். அதோடு அவரை வீட்டுப் பக்கம் சேர்ப்பதில்லை.

இப்போது பார்த்தால் அதே மேஸ்திரி டேப்பும் கையுமாக அந்த ரூமின் மொட்டை மாடியில் நிற்கிறார்.

"மேல ஒரு ரூம் எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார் நம்மவர், காம்பவுண்டுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம். "மேல ரூம் வந்துட்டா கீழ ரூமுக்கு மழையே படாது பாருங்க. அப்புறம் ஓதம் எங்கேருந்து வரும்?"

"கரெக்ட் சார்" என்றார் மேஸ்திரி.

"இன்னொண்ணு. இந்தத் தடவை ஓதத்துக்குப் பட்டை கண்டிப்பா போட்டாகணும்னு சொல்லிட்டேன். காசைப் பாக்கக் கூடாது."

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்து, சிகரெட் அட்டையில் அதையும் எழுதிக்கொண்டார்.