இட்லிப் பானையும் தெர்மாகோல் உருண்டையும்

வா கண்ணு, திண்ணையில குந்து. அது இன்னா கையில? தெர்மாகோல் உருண்டையா? ஓகோ, உம் மொவனுக்கு ஸ்கூல்ல ப்ராஜெக்ட்டு. திண்மம், திரவம், வாயு. ரெண்டாங்கிளாஸ் படிக்கற புள்ளைக்கு! ராத்திரி பன்னண்டு மணிக்கு கண்ணு முழிச்சி ஒட்னது ஆரு? நீதானே? அப்ப மார்க்கையும் உனக்கே போடச் சொல்லு.

நம்ம முத்தாபுதுப்பேட்டையில ஏர்போர்ஸ் பக்கம் டீக்கடை இருக்குதில்ல, அங்க புள்ளைய இட்டுக்கினு போ. கெட்டில் மூக்கைக் காட்டு. மூக்கை ஒட்டினாப்புல ஒரு வெரல்கடைக்கு ஒண்ணுமே தெரியாது. அதான்டா ஆவி. அதுக்கு அப்பால வெள்ளையா பொகையாட்டம் வருதே, அது ஆவி இல்ல. ஆவி குளுந்துபோயி திரும்பிவந்த பொடித்துளித் தண்ணி. எத்தினி பேரு வெள்ளையைக் காட்டி "இதான் வாயு"ன்னு சொல்லிக் குடுக்கறாங்க தெரியுமா? பட்டம் வாங்கனவங்கதான்.

எம் பேரன் ஒருநாள் கேட்டான். "தாத்தா, உப்பைச் சொம்புல கொட்னா சொம்பாட்டம் உக்காருது. அப்ப உப்பு திரவமா?" ஸ்கூல்ல கேட்டானாம், "பாடத்தை மட்டும் படி"ன்னு குந்த வெச்சிட்டாங்களாம். அட, இதைவிட நல்ல கேள்வி ஏது? ஒரே ஒரு கல்லுப்பை எடுத்து அவன் கையில வெச்சேன். சொம்புலயும் அதே கல்லு, கரண்டியிலயும் அதே கல்லு. அப்புறம் உப்பைத் தரையில கொட்டச் சொன்னேன். குவிஞ்சி நின்னுச்சி. தண்ணி எங்கனா குவிஞ்சி நிக்குமா? அவனே சிரிச்சிட்டான்.

தேங்காயெண்ணெய் இருக்கே, அது பெரிய வேஷக்காரன். 24 டிகிரிக்குக் கீழ எறங்கினா ஒறைஞ்சிக்கும். மார்கழி காலையில திண்மம், சித்திரையில திரவம். காஸ் சிலிண்டர் கதை தெரியுமா? பேருதான் காஸ். உள்ளாற இருக்கற 14.2 கிலோவுல பெரும்பாலும் அழுத்தி அடைச்ச திரவம்தான். ஆட்டிப் பாரு, களுக் களுக்குன்னும். சூடம் இன்னும் கில்லாடி. திண்மமா இருந்து, உருகாமலே வாயுவாகி ஓடிப்பூடும். புஸ்தகத்துல பதங்கமாதல்னு போட்டிருப்பான். சூடம் ஓடிப்பூடக் கூடாதுன்னு உங்க ஆயா டப்பாவுல மெளகு போட்டு வெச்சாளே, புஸ்தகம் பார்த்தா வெச்சா?

ஐஸ் சங்கதி கேளு. அந்தக் காலத்துல வெள்ளக்காரனுக்குக் குளுகுளுன்னு குடிக்க ஐஸு வேணும். அமெரிக்காவுல ஒறைஞ்ச ஏரியை அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சி, கப்பல்ல மாசக்கணக்கா கொண்டாந்தாங்க. பாஸ்டன்காரர் டியூடர்னு ஒருத்தரோட யாவாரம். அதை வெக்கறதுக்கே 1842ல மெரினா பக்கம் ஒரு கட்டடம் கட்னாங்க. ஐஸ்ஹவுஸ். பஸ்ஸுல போறச்ச கண்டக்டர் கத்தறாரே, அதே எடம்தான். இப்ப விவேகானந்தர் இல்லம். அவ்ளோ தூரம் கடல்ல வந்தும் முழுசும் உருகாம இருந்துச்சின்னா, மரத்தூளு சூட்டை உள்ள வுடலைன்னு அர்த்தம். இதைச் சொல்லு, புள்ள வாயைப் பொளந்துக்கினு கேக்கும். உன் உருண்டைக்கா கேக்கும்?

பேரை மொதல்ல சொல்லாத. மொதல்ல காட்டு. திண்மம்ங்கற வார்த்தை எங்க ஓடிப்பூடும், ஒரு வாரம் கழிச்சி வரட்டுமே.

நாளைக்கு இட்லி வேகும்போது புள்ளைய எழுப்பிக் கூட்டியா. பானை மூடியைத் தெறந்து திருப்பிக் காட்டு, அடியில தண்ணி சொட்டும். ஆனா ரெண்டடி தள்ளி நிக்க வை, ஆவி சுட்டுடும். அந்த உருண்டையை இங்க குடு, பேத்தி வெளையாடட்டும்.