ஒவ்வொன்றில் ஒன்று

அடுக்குமாடிக் குடியிருப்பின் தோட்டக் குழுத் தலைவர் என்னும் மனித வகை, சென்னையில் ஆண்டு முழுவதும் காணப்படினும், மே மாதத்தில் ஊட்டி மலர்க் கண்காட்சியைக் கண்ட கையோடுதான் முழு வேகம் கொள்கிறது. 1848இல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் பொறுப்பில் உருவாகத் தொடங்கிய, அக்கண்காட்சி நடக்கும் தாவரவியல் பூங்கா 2,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருப்பதும், பான்சியும் பெட்டூனியாவும் அங்கே மே மாதத்தில் செழிப்பது அவ்வுயரத்தின் குளிரால்தான் என்பதும் இவர் அறியாதவை அல்ல. அறிவு வேறு, நர்சரி வாசலில் பிறக்கும் ஆசை வேறு.

இவ்வகையினரின் தனிச்சிறப்பு ‘ஒவ்வொன்றில் ஒன்று’ என்னும் கொள்கையாகும். ஒரு பருவம் மட்டும் பூத்து மடியும் ‘சீசன் செடி’களை ஒரே நிறமாக, நெருக்கி, உயர்ந்தவை பின்னும் குட்டையானவை முன்னும் வர நட்டால்தான் பாதையோரப் பாத்தி தொலைவிலிருந்து பட்டுக்கரை போலத் தெரியும், அதற்கு ஒரே வகையில் பல டஜன் நாற்றுகள் வேண்டும். தலைவரோ பான்சியில் ஒன்று, சால்வியாவில் ஒன்று, சினரேரியாவில் ஒன்று, டேலியாவில் சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று எனச் சுட்டுவிரலை நீட்டியபடியே நர்சரி முழுவதையும் வலம் வருவார். “ஒரே கலரா எடுங்க சார், பார்க்க நல்லாயிருக்கும்” என்று நர்சரிக்காரர் சொன்னால், “அந்தக் கலர்லதான் ஒண்ணு எடுத்தாச்சேப்பா” என்பதே விடை. அதிலும் மொட்டு விட்ட இளஞ்செடியைத் தொடமாட்டார். சிறிய பைக்குள் வேர் சுருண்டுகிடக்க, பூக்க வேண்டியதையெல்லாம் பூத்து முடித்த செடியையே தேடிப் பிடிப்பார். ஊர் திரும்பியபின் டேலியா முன்வரிசையில் நிமிர்ந்து நிற்க, பான்சி அதன் முதுகுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் நடப்படும்.

விடியற்காலையில் வாடிய பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளுபவரும் இவரே. விதை பிடிக்குமுன் கிள்ளினால் செடி மீண்டும் பூக்கும் என்பது உண்மையே. குனிந்த முதுகுடன் அவர் அதைச் செய்கையில் எவருக்கும் கோபம் வாராது.

எனினும், சென்னை வெயிலுக்கு அஞ்சாத நித்தியகல்யாணியும் வாடாமல்லியும் பத்துமணிப்பூவும் உள்ளூரில் மலிவாகக் கிடைக்க, “அதெல்லாம் எங்க பார்த்தாலும் இருக்கே” என்று ஒதுக்கிவிட்டு, டிசம்பரில் வைக்க வேண்டிய பெட்டூனியாவைக் கத்திரி வெயிலில் வைத்து, லாரித் தண்ணீர் வாங்கும் மாதத்தில் அதற்கு இரு வேளை நீரும் ஊற்றுவது அனைவரின் பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான். பொதுக்கூட்டத்தில் இச்செலவு ‘பசுமைப் பணி’ என ஒற்றை வரியில் வாசிக்கப்படுகிறது; எதிர்த்துப் பேச எழுபவரிடம், “அடுத்த வருஷம் நீங்களே பார்த்துக்குங்க சார்” என்று தலைவர் தோட்டக் குழாயின் சாவியை நீட்டிவிடுவதால், எழுந்தவர் உட்கார்ந்துவிடுகிறார்.