விசில் என்னும் கால அலகு: மோர்டன் வட்டார ஆய்வு

1. ஆய்வுக் களம்

லண்டன் நார்தர்ன் லைனின் தென்கோடி மோர்டன். 1926-இல் திறக்கப்பட்ட இந்த நிலையத்தில் ரயில் புறப்படுவதால் காலையில் ஏறுகிறவருக்கு சீட் நிச்சயம். ஐடி வேலைத் தமிழர்கள் இங்கே வீடு பிடிப்பது அதற்காகவே என்பது முதற் கருதுகோள். வீட்டிலிருந்தே வேலை என்று வந்தபின் சீட் வீணானது. அடுப்பும் லேப்டாப்பும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. அங்கே நேரத்தை ஆள்வது எது என்பதே நம் வினா.

2. முன்னோர் கருத்து

மேலைநாட்டார் பொமோடோரோ முறையைச் சொல்வர். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவ சமையலறை டைமரை முடுக்கிவைத்து 25 நிமிடம் படித்து, சற்றே ஓய்வெடுத்துக் கண்ட முறை. நம் நாழிகை 24 நிமிடம். மிச்சம் ஒரு நிமிடம் வட்டி என்று கொள்க.

டைமரின் இடத்தில் நம்மவர் வைப்பது குக்கர். அதற்கும் லண்டனுக்கும் பழைய உறவு உண்டு. டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் தம் நீராவிப் பாத்திரத்தை 1679-இல் இவ்வூர் ராயல் சொசைட்டியில் காட்டினார். 1682-இல் அதன் உறுப்பினர்களுக்கு எலும்பும் குழைய வேகவைத்து விருந்து வைத்தார். அவர் பொருத்திய பாதுகாப்பு வால்வின் வாரிசுதான் நம் வெயிட். இன்றைய ஐரோப்பியக் குக்கர்களோ பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. குமிழ் எழும்பியதும் தீயைக் குறைத்து, கடிகாரம் பார்க்கவேண்டும்.

3. வரையறை

உள்ளே அழுத்தம் ஏறி, வெப்பம் 120 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது வெயிட்டைத் தூக்கிக்கொண்டு ஆவி சீறுவது ஒரு விசில். அதன் நீளம் தீயையும் தண்ணீரையும் பொறுத்தது. லண்டனிலேயே இருக்கும் கிரீன்விச்சின் நேரத்துக்கு அது கட்டுப்படாது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைத் திருப்பிவைத்தால் சென்னையோடு நாலரை மணி வித்தியாசம் ஐந்தரை ஆகிறது. துவரம்பருப்புக்கு நாலு விசில் என்பது மட்டும் மாறுவதில்லை.

4. கள ஆய்வு

தம்பதியர் இருவர், இரு லேப்டாப், இருவருக்கும் மீட்டிங்.

“ஏங்க, எத்தனை ஆச்சு?”

“மூணு.”

“நாலு. நீங்க அன்மியூட் பண்ணிப் பேசிட்டிருந்தப்ப ஒண்ணு வந்துச்சு.”

அந்த ஒன்றைக் கணவரின் வெள்ளைக்கார மேனேஜரும் கேட்டார். “ரயிலா?” என்றார். மோர்டனில் ரயில் டிப்போ இருப்பதால், “ஆமாம்” என்ற பதிலை நம்பவும் செய்தார். கூட்டத்தில் என்ன முடிவானது என்று பின்னர் விசாரித்ததில் கணவருக்குத் தெரியவில்லை. மேனேஜருக்கும் தெரியவில்லை.

5. முடிவு

டெட்லைன் தள்ளிப்போகும். ஸ்பிரிண்ட்டில் முடியாதது அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குப் போகும். ரிலீஸ் அடுத்த மாதத்துக்குப் போகும். ஐந்தாவது விசில் மட்டும் யாரிடமும் அவகாசம் கேட்காது. அதற்குமேல் பருப்பு குழைந்து, அடிப்பிடிக்கும். ஐடி ஊழியர் மதிக்கும் ஒரே காலக்கெடு அதுவே என்பது நிறுவப்பட்டது.

எனவே மேனேஜர்களுக்கு ஒரு பரிந்துரை: கூட்டம் சீக்கிரம் முடியவேண்டுமென்றால் காலண்டரில் நேரம் குறிக்காதீர்கள். பருப்பை ஏற்றிவிட்டுக் கூப்பிடுங்கள்.